கல்லா, கேப்பா என்று லானி கேட்டபோது

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. இதைவிட உயர்ந்த காரணம் ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஜூனியாட்டா ஆற்றோரம் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நாட்டுத் துப்பாக்கிக் கழகத்தின் இலையுதிர்கால விருந்து. வாஃபிள் என்கிற கட்டம் போட்ட ரொட்டி மேல் கோழிக்கறியும் குழம்பும் ஊற்றி எல்லோர் முன்னாலும் வைத்தாகிவிட்டது. கழகத் தலைவர் மெர்வின் ஹாக்கன்பரி எழுந்து நின்று, "ரெண்டே வார்த்தை" என்றார். அந்த இரண்டு வார்த்தை முடிந்தபோது குழம்பின்மேல் ஆடை படிந்திருந்தது. வாஃபிள் நனைந்த சாக்குப் போலக் கிடந்தது. பேச்சின் பொருள்: துப்பாக்கிக்குள் நெருப்பு எதிலிருந்து வர வேண்டும், கல்லிலிருந்தா, கேப்பிலிருந்தா? வருஷா வருஷம் அதே பொருள், அதே விடை. எங்கள் ஊர் நாய்கள் உட்பட எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்த மனிதரை ஒரு கதையில் உட்கார வைத்து, அவருடைய (வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் என் குணம் தெரிந்துவிடும்.)

2

கேப்பு என்றால் வேறொன்றும் இல்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் துப்பாக்கியில் வைத்து டப்பு டப்பு என்று வெடிப்பார்களே, அதன் பெரியப்பா. செம்பில் செய்த குட்டித் தொப்பி, உள்ளே துளி மருந்து, அவ்வளவுதான்.

எங்கள் கழகத்துத் துப்பாக்கிகளுக்கு எல்லாம் வாய்வழிதான். குழாயின் வாயில் மருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டை வைத்து, கோலால் அடி வரைக்கும் இடிக்க வேண்டும். இதுவரை சண்டை கிடையாது. அடியில் போய் உட்கார்ந்த மருந்துக்குக் கொள்ளி வைப்பது யார் என்பதில்தான் ஊர் இரண்டு படுகிறது.

கல் கட்சியில், குதிரை என்கிற சுத்தியலின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்தால் அது இரும்புத் தகட்டில் உரசும். பொறி வெளியே ஒரு கிண்ணத்திலுள்ள பொடி மருந்தில் விழும். அது உங்கள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே புஸ்ஸென்று எரியும். அந்த நெருப்பு ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போகும். அப்புறம் டமார். புஸ்ஸுக்கும் டமாருக்கும் நடுவே ஒரு கண்ணிமைப்பு நேரம் இருக்கிறது. மழை, காற்று, கல்லின் மழுங்கல், கடவுள், எல்லோருக்கும் அதில் பங்குண்டு. கேப்புக் கட்சியில் இந்த இடைவெளி இல்லை. குதிரை தொப்பியில் அடிக்கும், வெடிக்கும், தீர்ந்தது.

மெர்வினைக் கேட்டால், மனிதன் குணம் தெரிவதே அந்த இடைவெளியில்தான் என்பார். முகத்துக்கு நேரே நெருப்பு எழும்போதும் துப்பாக்கியை அசைக்காமல் பிடிப்பவன் வேட்டைக்காரன், மற்றவனெல்லாம் சத்தம் போடுகிறவன். (மூன்றாவதாக ஒரு நவீன வகையும் உண்டு. அதன் பெயரை எங்கள் கூடத்தில் சொன்னால் பரிமாறுகிறவர்கள் உங்கள் தட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.)

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் வேட்டைப் பருவத்தில் சட்டமே கல்லின் பக்கம், கேப்புக்கு அனுமதி இல்லை. அக்டோபரில் பெண்மான் வேட்டைக்கு இரண்டும் செல்லும். கதையிலுள்ள வேட்டை அக்டோபரில் நடந்தது. அதனால்தான் கதையாயிற்று.

3

முதல் தொடக்கம், கைவிட்டது: "மெர்வின் ஹாக்கன்பரி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தன் தாடியை நீவிக் கும்பிட்டார்." (மனிதர் தாடி வைத்ததே இல்லை. கேலிக்கு ஒரு கைப்பிடி வேண்டுமென்று நான் முளைக்க வைத்தது.)

இரண்டாம் தொடக்கம், இதையும் கைவிட்டேன்: "மலைச் சரிவில் மூடுபனி ஒரு" (எதற்கோ ஒப்பிடப் போனேன். மன்னிக்கவும்.)

மூன்றாம் தொடக்கம்: "கல் உரசியபோது மெர்வின் கண்ணை மூடிக்கொண்டார்."

சிரிப்புக்காகத்தான் எழுதினேன். கல்லுக்காக ஊரையே பட்டினி போடுகிற தலைவர், தன் கல் பொறி தட்டும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்; இதைவிடச் சுலபமான சிரிப்பு உண்டா? எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அடுத்த வரியில் ஒரு மான் நின்றுகொண்டிருந்தது.

4

ஹெம்லாக் மரச் சரிவு. விடிந்து கொஞ்ச நேரம். முந்தின நாள் மழையின் ஈரம் இன்னும் இலையில். மெர்வினோடு வந்தவன் லானி ஸ்வைகர்ட். நாற்பது வயது, பால் லாரி ஓட்டுகிறவன், கழகத்துக்குப் புதியவன். கையில் யாரோ விற்றுத் தள்ளிய பழைய கேப்புத் துப்பாக்கி.

"தலைவரே, இவ்வளவு ஈரத்துல உங்க கல்லு பத்திக்குமா?"

"என் கல்லப் பத்தி உனக்கென்ன கவலை? உன் பொம்மைய நனையாம பாத்துக்க."

"பொம்மைதான். ஆனா இழுத்தா இழுத்த நேரத்துக்கு வெடிக்குதே!"

"அலாரம் கடிகாரங்கூடத்தான் வெச்ச நேரத்துக்கு அடிக்குது. அதுக்காக அத வேட்டைக்காரன்னு சொல்லுவியா?"

லானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தலைவர் தன்னைத் திட்டுகிற அளவுக்கு மதிக்கிறார் என்று அவனுக்கு மகிழ்ச்சி.

பெண்மான் சரிவின் கீழே வந்து நின்றது. மெர்வின் குறி பார்த்தார். தோளுக்குப் பின்னால், நெஞ்சுக்கு நேராக, சரியான குறி. விசையை இழுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முன்பொரு பருவத்தில் அவருடைய கிண்ணத்து மருந்து எக்கச்சக்கமாகப் பற்றி ஒரு புருவத்தைக் கருக்கிவிட்டது. அதை அவர் பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிந்தார். "கண்ணச் சிமிட்டினேனான்னு கேளு!" என்று கேட்காதவர்களையும் கேட்க வைத்தார். வாய் பதக்கம் வாங்கிக்கொண்டது. உடம்பு பயம் வாங்கிக்கொண்டது. அன்று முதல் கல் உரசும் சத்தம் கேட்டால் போதும், இமை இரண்டும் தானாக விழுந்துவிடும், தோள் ஒரு வெட்டு வெட்டும். இலக்குப் பலகையில் குண்டு விலகினால் குறிமுள்ளைக் குறை சொன்னார், காற்றைச் சொன்னார், மருந்து விற்ற கடைக்காரரைச் சொன்னார். பலகைக்கு வலிக்காது.

மான் பலகை இல்லை.

கண்ணைத் திறந்தபோது முன்னால் புகை. புகைக்குள்ளிருந்து இரண்டாவது வெடி, லானியுடையது. புகை கலைந்தபோது மான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் மதியம் வரை ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஓடைக்கரையில் தடம் போய்விட்டது.

மறுநாள் ஒரு விவசாயி அதைத் தன் சோளக்காட்டுக்குப் பக்கத்துக் குட்டையில் பார்த்தார். தாடை சிதறியிருந்தது. உயிரோடிருந்தது. தண்ணீருக்கு முன்னால் நின்று, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, குடிக்க முடியாமல் நின்றிருந்தது. அவர் அதன் கதையை அங்கேயே முடித்து வைத்தார்.

இரண்டு வெடி, ஒரு காயம். யாருடையது?

"எனக்குக் கல்லு தாமதமாப் பத்திச்சு. என் குண்டு எங்க போச்சோ. வெறும் புகைதான்" என்றார் மெர்வின்.

வேட்டைக்குப் பிறகு வந்த கழக விருந்தில் அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. அதில் அவர் கெட்டிக்காரர். "யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. ரெண்டு துப்பாக்கில எது அவசரக்காரத் துப்பாக்கின்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அறை முழுக்கத் தலைகள் திரும்பின. லானி எழுந்தான். நாப்கினைக் கையில் சுருட்டிக்கொண்டு, "என்னோடதாத்தான் இருக்கும். மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பின்வரிசையிலிருந்து யாரோ வாயாலேயே "டப்!" என்று கேப்புச் சத்தம் போட்டார்கள். கூடம் சிரித்தது.

5

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நான் போட்டு வைத்த மெர்வின் வெறும் காற்றடைத்த பை. காற்றடைத்த பை இதோடு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கும். ஆனால் இந்த மனிதர் அடுத்த வாரம் தனியாக, துப்பாக்கி இல்லாமல், அந்தச் சரிவுக்குத் திரும்பிப் போனார். ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. தடுக்கப் பார்த்தேன், போய்விட்டார்.

லானி நின்ற இடத்தில் போய் நின்றார். மான் நின்ற இடத்தை நோக்கினார். அதற்குப் பின்னால், மானின் முதுகைவிட ஒரு சாண் உயரத்தில், ஒரு ஹெம்லாக் மரப் பட்டையில் புதிதாக ஒரு துளை. கத்தியால் நோண்டினார். நசுங்கிய ஈயம் கையில் விழுந்தது. அவருடைய குண்டு சுண்டைக்காய் என்றால் இது பட்டாணி; அளவே வேறு. மயிர் ஒட்டவில்லை, ரத்தம் இல்லை. அது மட்டுமா, லானி தன் கிழிந்த ஜீன்ஸை வெட்டித்தான் குண்டுக்குத் துணி போடுவான். ஈயத்தின் முதுகில் அந்த முரட்டு நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. லானி சுட்டது மரத்தை. மானுக்கு மேலே, சுத்தமாகக் குறி தவறியிருந்தது. கழகத்தில் இதற்குத் தண்டனையே கிடையாது, கிண்டல் மட்டும்தான்.

எடுத்துக்கொண்டு நேராக லானி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓடையில் எறிந்திருக்கலாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையில் அது கனத்தது. இவ்வளவு சின்ன ஈயத்துக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று

(இல்லை, இந்த வாக்கியம் வேண்டாம். மலிவு.)

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கொட்டகையில் அடுப்பை மூட்டி ஈயம் உருக்கினார். எங்கள் ஆட்கள் குண்டைக் கடையில் வாங்குவதில்லை. அவரவர் அச்சில் அவரவரே வார்த்துக்கொள்வார்கள். மனைவி ஃபெர்ன் கதவில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா ஈயம் காய்ச்சற? பாஸ்டர் சொன்னதெல்லாம் எந்தக் காதுல விழுந்துச்சு?"

"குண்டு தீந்துபோச்சு."

"போன மாசந்தானே ஒரு டப்பா ரொம்ப வார்த்த? வேட்டைக்குப் போயி ஒரு தடவ சுட்ட. அதுவும் புகைதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற."

"நீ போயி அடுப்புல இருக்கற பன்னிக்கறியப் பாரு, ஃபெர்ன்."

"பன்னிக்கறி தன்னத் தானே பாத்துக்கும், மெர்வ். உன் மூஞ்சியத்தான் பாக்கச் சகிக்கல."

அவள் போனாள். மெர்வின் பையிலிருந்து அந்தப் பட்டாணியை எடுத்துச் சட்டிக்குள் விட்டார். ஒரு கணம் அது தன் வடிவத்தோடு இருந்தது. நெசவுத் தடம்கூடத் தெரிந்தது. பிறகு இல்லை. வழக்கம்போலக் கொஞ்சம் தேன்மெழுகு போட்டுக் கிளறி, கசடை வழித்து, அச்சில் ஊற்றினார். பளபளவென்று புதுக் குண்டுகள். எதற்குள் லானி இருக்கிறான் என்று இனி அவருக்கே தெரியாது.

அவர் சுடப்போகும் ஒவ்வொரு குண்டிலும் லானியின் குற்றமின்மை கொஞ்சம் கலந்திருக்கும்.

நல்ல வாக்கியம்தான். ஒரு மனிதர் அங்கே சாட்சியைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து வாக்கியத்துக்கு மெருகு போடுகிறேன். இரண்டு பேரில் யார் அதிகம் வெட்கப்பட வேண்டும் என்பது திறந்த கேள்வி.

6

(இந்தப் பகுதியில் மெர்வினுடைய மான்தோல் சட்டையின் குஞ்சலங்களைப் பற்றி ஒரு பக்கம் கேலி இருந்தது. நன்றாக வந்திருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்கச் சௌகரியமாக இல்லை.)

7

டிசம்பர், சனிக்கிழமை காலை. லானி மெர்வின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். ஃபெர்ன் அவனுக்குக் காப்பியும், வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட 'பை' என்கிற பலகாரமும் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள். லானி துப்பாக்கி செய்கிறவர் ஒருவரிடம் புதிதாக ஒன்று செய்யக் கொடுத்திருந்தான். கட்டை தயார், குழாய் தயார். குதிரையும் விசையும் அடங்கிய பூட்டுதான் பாக்கி.

"பூட்டுக்குப் பள்ளம் வெட்டணுமாம். கல்லா, கேப்பான்னு இன்னிக்கே சொல்லுங்கறாரு. வெட்டிட்டா மாத்த முடியாதாம்" என்றான். "தலைவரே, நான் கல்லுக்கே மாறிடலாம்னு இருக்கேன்."

மெர்வின் காப்பிக் கோப்பையைத் திருப்பி வைத்தார். "ஏன்?"

"ஏன்னா? நீங்கதானே சொன்னீங்க! கேப்புங்கறதாலதான் நான் அவசரப்பட்டுட்டேன். கல்லா இருந்தா ஒரு நொடி நிதானிச்சிருப்பேன்." முள்கரண்டியால் பையைக் குத்தினான், சாப்பிடவில்லை. "பால் எடுக்க அந்தச் சோளக்காடு வழியாத்தான் போகணும், தலைவரே. இப்ப சுத்திக்கிட்டுப் போறேன். அந்தக் குட்டையப் பாத்தா அது நின்னுக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கு."

"அதெல்லாம் மனசுல வெச்சுக்காத."

"எப்படி வெச்சுக்காம இருக்கறது? டீசல் போடப் போனாக்கூட ஒருத்தன் 'டப்'ங்கறான்." சிரிக்கப் பார்த்தான். "கல்லு வாங்கி, நீங்க பக்கத்துல நின்னு பழக்கி விட்டீங்கன்னா, எனக்கு மறுபடி காட்டுக்குள்ள போகத் தைரியம் வரும்னு தோணுது."

"அதுல மூஞ்சிக்கிட்டயே நெருப்பு எழும்பும், லானி."

"தெரியுமே! உங்களுக்குப் புருவமே கருகிச்சாமே. கண்ணக்கூடச் சிமிட்டலையாம் நீங்க!"

அவன் கண்ணில் பரிகாசம் இல்லை. இருந்திருந்தால் மெர்வினுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். தான் ஊட்டி வளர்த்த பொய் ஒன்று நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்து, தன் சமையலறையிலேயே வந்து உட்கார்ந்து தன்னை அண்ணாந்து பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.  

"சொல்லுங்க தலைவரே. கல்லா, கேப்பா?"

8

இங்கே முடிவுகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தேன்.

முதல் முடிவில் மெர்வின் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். மேசை மேல் கண்ணீர் சொட்டுகிறது. லானி அவரைக் கட்டிக்கொள்கிறான். ஃபெர்ன் சந்தையிலிருந்து அந்த நேரம் பார்த்து வருகிறாள். மூன்று பேருமாகப் பையை முடிக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு நிம்மதி. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அடுத்தவன் காலை மிதித்தாலும் காலை அங்கே வைத்தவனைக் கோபித்துக்கொள்கிற மனிதர் இவர்.

இன்னொரு முடிவில், "கல்லுதான்!" என்கிறார். லானி கல் வாங்குகிறான், வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்று பழகுகிறான், குருவைப் போலவே கண்ணை மூடக் கற்றுக்கொள்கிறான். நான் முதலில் எழுத நினைத்த நையாண்டி இதுதான். எழுதிப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாமென்று டம்ளரை எடுத்தவன்

(விடுங்கள்.)

"யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவும் முடிவும் ஒன்று உண்டு. உலகத்தில் பெரும்பாலும் நடப்பது அதுதான். அதனாலேயே அதைக் கதை என்று கொடுத்துக் கூலி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நான் இவற்றைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மெர்வின் வாயைத் திறந்துவிட்டார்.

9

"கேப்பே வெச்சுக்க" என்றார்.

பல வருஷங்களில் துப்பாக்கி பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். குரல்கூட வேறாக இருந்தது. "உனக்குக் கேப்புதான் சரி. கல்லு வேண்டாம்."

லானி முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எனக்குச் சரின்னா?"

"உனக்குக் கை பழகிடுச்சில்ல? அதச் சொன்னேன்."

"புரியுது தலைவரே."

"நீ நெனைக்கற மாதிரி இல்ல."

"இல்ல இல்ல, புரியுது. கல்லு எல்லாருக்கும் வராதுன்னு கூட்டத்துலயே சொன்னீங்க. அதுலயும் ஒரு தடவ கெடுத்தவன் கையில யார் குடுப்பாங்க?" காது இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் ஒரு சிரிப்பைத் தேடி மாட்டிக்கொண்டான். "மூஞ்சிக்கு நேரா சொன்னதுக்கு நன்றி. எனக்குத் துப்பாக்கியே வேண்டாம்னு செய்யறவர்கிட்டச் சொல்லிடறேன். ஃபெர்ன்கிட்டப் பை பிரமாதம்னு சொல்லுங்க."

பை அப்படியே இருந்தது. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மெர்வின் உட்கார்ந்திருந்தார். அவனுக்கு நல்லதைத்தான் சொன்னார். மெய்யாகவே நல்லது. காரணத்தை விழுங்கிவிட்டு நல்லதை மட்டும் சொன்னார், அது கன்னத்தில் அறைந்ததுபோலப் போய் விழுந்தது. பொய் சொல்லி அவனைக் குற்றவாளியாக்கினார். இப்போது உண்மை சொல்லித் தகுதியில்லாதவனாகவும் ஆக்கிவிட்டார். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றபோதுகூட லானியின் காது இப்படிச் சிவக்கவில்லை. அவருக்கு ஒரு கணம் அவனைக் கோபித்துக்கொள்ளத் தோன்றியது: எதையும் ஏன் இவன் இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறான்? அந்தக் கோபத்தையும் பிடித்துவைக்க முடியவில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார். காலில் காலுறை மட்டும். படியில் உறைபனி.

10

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சோம்பல் இல்லை. அவரை நான் பேச வைத்தால் அது என் தயவு. வாயடைத்து நிற்க வைத்தால் அது என் குறும்பு. இரண்டிலும் மெர்வின் இருக்க மாட்டார், நான்தான் இருப்பேன்.

உங்களுக்கு ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். அவர் கையில் இப்போது ஆதாரம் எதுவும் கிடையாது. வெறும் வாய்ச்சொல்தான் மிச்சம். "நான்தான்" என்று சொன்னால் லானி நம்புவான் என்பதும் உறுதியில்லை. "என்னத் தேத்தறதுக்காக உங்க தலையில போட்டுக்கறீங்களே" என்று கண் கலங்கி, கழகம் முழுக்கப் போய்ச் சொல்லி, தலைவருக்கு இன்னொரு பதக்கம் குத்திவிட்டாலும் விடுவான். அதனால் சும்மா சொன்னால் போதாது. கண்ணை மூடுவதைச் சொல்ல வேண்டும். மரத்தைச் சொல்ல வேண்டும், நெசவுத் தடத்தைச் சொல்ல வேண்டும், சட்டியைச் சொல்ல வேண்டும். அவன் நம்பும்வரைக்கும், ஒவ்வொன்றாக, தன்னைப் பற்றித் தானே எடுத்துவைக்க வேண்டும். காலுறையோடு, பனியில் நின்றுகொண்டு.

லானி தன் வண்டியின் முன்கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். ஓட்டுகிற பக்கம் தெளிந்துவிட்டது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருகிறான். அந்தப் பக்கம் பனி அவ்வளவாக இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும்.

"லானி" என்றார் மெர்வின்.

சுரண்டுகிற சத்தம் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கிறான். காது இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"என்ன தலைவரே?"

சொல்லுங்கள், மெர்வின்.